ஷவரா, வாளியா? முதலில் அளந்து பாருங்கள்

கேள்வி: வேளச்சேரியில் நான்கு மாடிக் குடியிருப்பில் முதல் தளத்தில் இருக்கிறோம். மாமியாரையும் சேர்த்து ஐந்து பேர். கோடை வந்துவிட்டால் லாரித் தண்ணீர்தான். ஷவரைக் கழற்றிவிட்டு எல்லோரும் வாளியில் குளிக்கலாம் என்கிறார் மாமியார். பிள்ளைகள் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரைக் குறைக்கும் ஷவர் ஒன்று வாங்கி மாட்டினால் போதுமா?

பதில்: கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். 20 லிட்டர் வாளியை ஷவருக்கு அடியில் வையுங்கள். பிள்ளைகள் வழக்கமாகத் திறக்கும் அளவுக்கே திறந்து, வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 100 நொடி ஆனால் நிமிடத்துக்கு 12 லிட்டர். ஒரு நிமிடத்திலேயே நிரம்பினால் 20 லிட்டர். இந்த எண் தெரியாமல் எதை வாங்கினாலும் குத்துமதிப்புதான்.

நீங்கள் முதல் தளத்தில் இருப்பது இங்கே முக்கியம். மொட்டைமாடித் தொட்டி உங்களுக்கு மேலே பத்து மீட்டர் உயரத்தில் இருக்கலாம். நான்காம் தளத்துக்காரருக்கு இரண்டரை மீட்டர்தான். அழுத்தம் நான்கு மடங்கு ஆனால் அதே ஷவரில் கொட்டும் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். மேல் வீட்டில் நூலாக வரும் ஷவர் உங்கள் வீட்டில் அருவியாகக் கொட்டுவது அதனால்தான். ஆகவே ஓட்டத்தைக் குறைக்கும் ஷவர் உங்களுக்கு உண்மையிலேயே பலன் தரும். நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்குங்கள். மேல் தளத்துக்காரர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டாம். அவர்களுக்கு வருகிற கொஞ்சமும் குறைந்துபோகும். கேஸ் கீசர் வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். ஓட்டம் ரொம்பக் குறைந்தால் அது பற்றிக்கொள்ளாது.

ஆனால் ஷவரை மாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி சோப்புப் போடும் நேரத்தில் இருக்கிறது. எட்டு நிமிடக் குளியலில் நனைவதற்கு ஒரு நிமிடம், அலசுவதற்கு இரண்டு நிமிடம் போதும். மற்ற ஐந்து நிமிடமும் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் ஓடுகிறது. நிமிடத்துக்கு 12 லிட்டர் என்றால் முழுக் குளியலுக்கு 96 லிட்டர். சோப்புப் போடும்போது மூடினால் 36. புது ஷவரும் சேர்ந்தால் 18 முதல் 24. அதாவது உங்கள் மாமியார் சொல்லும் ஒரு வாளிதான். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அதில் குளியலுக்கு 55 என்பது பழைய கணக்கு. பிள்ளைகள் இருவரும் மூடிப் பழகினாலே மாதத்துக்கு 3,600 லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இதைப் பிள்ளைகளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். இதே சென்னைக்காகத்தான். அதையும் சொல்லுங்கள்.

மூடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் என்றால் பக்கவாட்டில் திருப்பாமல் அப்படியே கீழே அழுத்துங்கள். திரும்பத் திறக்கும்போது அதே சூடு கிடைக்கும். ஹேண்ட் ஷவரின் முனையில் உள்ள பட்டனை மட்டும் அழுத்தி நிறுத்துவது நல்லதல்ல. வெந்நீர், தண்ணீர் இரண்டு குழாயும் திறந்தே இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குள் ஏறும், ஹோஸும் சீக்கிரம் வெடிக்கும். சூடு, குளிர் என்று இரண்டு திருகுகள் இருக்கும் பழைய மிக்ஸரில் ஒவ்வொரு முறையும் சூட்டைச் சரிசெய்வதிலேயே தண்ணீர் போய்விடும். அந்தக் குளியலறையில் மட்டும் வாளியில் விளாவிக் குளிப்பதுதான் சிக்கனம்.

மாமியாருக்கு வாளியே இருக்கட்டும். வயதானவர்கள் வழுக்கும் தரையில் நின்று குளிப்பதைவிட ஸ்டூலில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்வது பத்திரம். ஆனால் வாளி என்றாலே சிக்கனம் என்று நினைத்துவிடக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு, வாளி வழிய வழியக் குளிப்பவர்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நிரப்பியதும் குழாயை மூடினால்தான் வாளிக்குக் கணக்கு உண்டு.

அப்புறம் வெந்நீர். முக்கால் அங்குலக் குழாயில் பத்து மீட்டருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் ஆறிய தண்ணீர் தங்கியிருக்கும். கீசர் குளியலறையிலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. மாடியில் சோலார் என்றால் சூடு வருவதற்குள் 7, 8 லிட்டர் கூடப் போகும். அதை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். நல்ல தண்ணீர்தான், துணி அலசலாம். ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் இந்த இழப்பு ஒரே முறையோடு நின்றுவிடும்.

உங்கள் வீட்டில் போர் தண்ணீரும் கலந்து வருமானால், உப்பு ஷவர்த் துளைகளை அடைத்துத் தண்ணீரைக் கோணல்மாணலாகச் சிதறடிக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, வினிகரில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேயுங்கள். கடின நீரில் சோப்பு நுரைக்காது, மேலே பிசுபிசுவென்று ஒட்டும். அலசவே இரண்டு பங்கு தண்ணீர் கேட்கும். சோப்பைக் குறைத்து, அரப்பு அல்லது பயத்தம்மாவு தேய்த்தால் அலசுவது சுலபம். சாக்கடை அடைக்காமல் இருக்க வடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விட முடியுமா என்று உங்கள் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். தரைத்தளத்தில் மண் இருந்தால் கல்வாழையும் வாழையும் அந்தத் தண்ணீரை நன்றாக இழுத்துக்கொள்ளும். கழிவறைக் குழாயோடு சேராமல், குளியலறைக் குழாய் தனியாக இறங்குகிறதா என்பதைப் பிளம்பரிடம் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.