கீழ்க்குரல்

அன்புள்ள அக்கா,

தோக்கியோவில், நிஷிகசாய் பக்கம் இருக்கிறேன். வேலைக்கு வந்து 3 வருடம். ஆபீஸ் ஆட்களோடு அடிக்கடி கரோகே போவோம். டிசம்பரில் வருடக் கடைசி விருந்து. 'நான் மெயின் பாடுகிறேன், நீ ஹமோரி பாடு, அதாவது என் மெட்டுக்குத் துணையாக வேறு ஸ்வரங்களில் பாடு' என்று ஒரு சீனியர் சொல்லிவிட்டார். சின்ன வயதில் 4 வருடம் பாட்டு கற்றுக்கொண்டதால் எந்த மெட்டையும் பிடித்துவிடுவேன். ஆனால் பக்கத்தில் ஒருவர் பாடினால் என் குரல் அவர் மெட்டுக்கே போய்விடுகிறது. இரண்டு குரலில் பாடிப் பழக எளிதான ஜப்பானியப் பாட்டுகள் சொல்ல முடியுமா? எனக்குப் பிடித்த எங்கா என்னும் பழைய பாணிப் பாட்டுகளில் தொடங்கலாமா? ஹமோரி பாடினால் மெஷின் ஸ்கோர் வேறு குறைகிறது. அவர்களுக்குப் பிறவியிலேயே வருகிறது, நம் ரத்தத்தில் ஹார்மனி இல்லை என்று தோன்றுகிறது.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

போன வாரம் பழைய பெட்டியை ஒழித்தபோது ஒரு கட்டுத் தாள் கிடைத்தது. தோக்கியோவை அடுத்த சைத்தாமாவில் நான் இருந்த காலத்தில், எங்கள் வட்டாரப் பொதுக்கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய பெண்கள் கோரஸில் கொடுத்தவை. என் பகுதியான அல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரி முழுக்க மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதையே புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

ஸ்கோரை அணைத்துவிடுங்கள். மெஷின் மெயின் மெட்டோடுதான் ஒப்பிடும். நீங்கள் ஹமோரியைச் சரியாகப் பாடினால் அதன் கணக்கில் அது தப்பு. எங்காவும் இப்போது வேண்டாம். அதன் உயிரே கொபுஷி, நம் கமகம் மாதிரி ஒற்றைக் குரல் குழைவது. இரண்டு பேர் சேர்ந்து குழைந்தால் இரண்டும் கெடும்.

ஆனால் 'ரத்தத்தில் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. யார் ரத்தத்தில் இருந்தது? 150 வருடத்துக்கு முன் ஜப்பானியர்களிடமும் இது கிடையாது. கோட்டோ, ஷாமிசென் என்ற தந்தி வாத்தியங்கள், குரல் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். ஆனால் ஒரே மெட்டைத்தான் கொஞ்சம் முன்னே பின்னே தொடர்ந்து போகும். 1879ல் மெய்ஜி அரசு பள்ளி இசைக்கென்று ஓர் அலுவலகம் திறந்தது. பொறுப்பாளர் இசாவா ஷூஜி. அடுத்த வருடமே அமெரிக்காவிலிருந்து லூதர் வைட்டிங் மேசன் என்ற பாட்டு ஆசிரியரை வரவழைத்தார்கள். 1881 என்று தேதியிட்ட முதல் பாட்டுப் புத்தகத்தில் 'ஹொதாரு நோ ஹிகாரி' இருக்கிறது. ஸ்காட்லாந்து மெட்டு, ஜப்பானிய வரிகள். கடை மூடும் நேரத்தில் உங்கள் காதில் விழுகிறதே, அந்த மெட்டுதான்.

அப்புறம் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடம்தான் இதைச் சொல்லிக்கொடுத்தது. இன்றும் நடுநிலைப் பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு கோரஸ் போட்டி உண்டு. பேஸ்பால் ஆடும் பையனும் தன் வரியை மனப்பாடம் செய்துகொண்டு நிற்க வேண்டும். 1991ல் சிச்சிபுவில் ககெமோரி நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் வரிகள் எழுதி, இசை ஆசிரியை மெட்டுப் போட்டு, படிப்பு முடிந்து போகும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்களே பாடிய பாட்டு 'தபிதாச்சி நோ ஹி நி'. ஒருநாள் பாடுவதற்காகச் செய்தது, இன்று நாடு முழுக்க விடைபெறும் விழாக்களில் பாடுகிறார்கள். உங்கள் சீனியரும் 13 வயதில் ஏதோ ஒரு பியானோவைச் சுற்றி நின்று தன் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடியிருப்பார். அந்த உழைப்பைப் பிறவி என்று சொல்லாதீர்கள். நம்மிடம் இல்லை என்றும் சொல்லாதீர்கள். பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேரல் ரவுண்ட்ஸில் பேஸ் என்னும் அடிக்குரல் பாடும் பையன் நம் ஊர்க்காரன்தான்.

உங்கள் குரல் ஏன் வழுக்குகிறது என்று சொல்கிறேன். ஜப்பானிய மெட்டுகளில் நிறைய 'யொனாநுகி', அதாவது நாலாவதும் ஏழாவதும் நீக்கிய வரிசை. ம, நி இல்லாத ஸ ரி க ப த. நம் மோகனம். 'ஹொதாரு நோ ஹிகாரி'யும் அதே ஸ்வரங்கள்தான்: பா ஸா ஸா ஸா கா, ரீ ஸா ரீ கா. இதற்குக் கீழே ஒரு ஸ்வரம் விட்டு அடுத்ததில் நின்று பாருங்கள். கா-வுக்கு ஸா. ஸா-வுக்குக் கீழே தா. இதுவரை உங்கள் காது சும்மா இருக்கும். ரீ வந்ததும் நீங்கள் நி-யில் நிற்க வேண்டும். தா வந்தால் மா-வில். மோகனத்தில் இரண்டுமே கிடையாது, காது பதறி மெட்டுக்கே ஓடிவிடுகிறது. மேலே பாடுபவர் மோகனத்தில் இருப்பார். கீழே நீங்கள் சங்கராபரணத்தில் இருக்க வேண்டும். (பின்னணி இசையில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களைப் பார்த்துச் சில இடங்களை மாற்ற வேண்டியிருக்கும். பழக இது போதும்.)

இது எனக்கு ஒரு பாட்டியிடமிருந்து வந்தது. அவருக்கு 70 வயதுக்கு மேல், டோஃபு கடை வைத்திருந்தவர், கோரஸில் எனக்கு இடப்பக்கம் நிற்பார். முதல் மூன்று வாரம் நானும் உங்களைப் போலத்தான், மேல்குரலான சோப்ரானோவின் மெட்டுக்கே போய்க்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பாட வேண்டாம். என் குரல் கேட்கிற அளவுக்கு மட்டும் வாயைத் திற" என்றார். நான் பழக்கத்தில் ஸ்வரத்தைக் கீழிருந்து இழுத்துத் தொடும்போதெல்லாம் விரல்கள் இறுகும். "மஸ்ஸுகு, மஸ்ஸுகு" என்பார். நேராக, நேராக. குளிர்ந்த ஈரக் கை, சோயா வாசனை. ஒரு இடத்தில் மேலே ரி, கீழே நாங்கள் நி. நான் இழுக்காமல் நேராக அதில் போய் நின்றேன். என் குரல் எது, அவர் குரல் எது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

சரி, பாட்டு கேட்டிருந்தீர்கள். முதலில் தவளைப் பாட்டு, 'கயெரு நோ உதா'. ஒருவர் தொடங்க, மற்றவர் கொஞ்சம் பின்னால் அதையே தொடங்கினால் போதும். குழந்தைப் பாட்டு என்று ஒதுக்காதீர்கள், அடுத்தவர் குரலுக்கு நடுவில் உங்கள் வரியைக் காப்பாற்ற அதுதான் பழக்கும். அப்புறம் 'மொமிஜி', 1911. பள்ளிகளில் பாடும் முறையில் இரண்டாம் குரல் முதலில் துரத்திக்கொண்டு போய், பிறகு சேர்ந்து நடக்கும். 'மொமிஜி'யைப் போலவே தகானோ தத்ஸுயுகி எழுதி, ஒகானோ தெயிச்சி மெட்டமைத்த 'ஃபுருசாதோ', 1914. மெதுவான மூன்று எண்ணிக்கைத் தாளம், நின்று யோசிக்க நேரம் இருக்கும். விருந்துக்கு 'த்ஸுபாசா வோ குதாசாய்', 1971ல் அகாய் தோரி குழு பாடியது. பள்ளியில் பாடாதவர் அந்த அறையில் அதிகம் இருக்க மாட்டார்கள். யூசு என்ற இருவர் குழுவின் பாட்டுகள் அடுத்த வருடத்துக்கு. டூயட் என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுக்காதீர்கள், பெரும்பாலும் மாறி மாறிப் பாடுவதுதான் இருக்கும்.

மெஷினில் மெயின் மெட்டை வாசித்துக் காட்டும் கைடு மெலடியின் சத்தத்தைக் கூட்டி வையுங்கள், அதையே சீனியராக நினைத்துக்கொண்டு அதற்குக் கீழே பாடிப் பழகுங்கள். மெயின் பாடுபவரின் வசதிக்காகக் கீயை ரொம்ப இறக்க விடாதீர்கள், உங்கள் குரல் அடியில் அடைத்துக்கொள்ளும். ரி வரும்போது நி. அந்த ஒரு இடத்தை மட்டும் இந்த வாரம் பாருங்கள், சனிக்கிழமை எழுதுங்கள்.