சுடும் சென்சார், தாவும் டிகிரி

கேள்வி: சார், சூடு ஏறினால் ரிலே மாட்யூல் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக ஃபேனை ஓட வைக்கும் சின்ன சர்க்யூட் ஒன்று செய்தேன், எல்எம்35 வெப்பநிலை சென்சாரும் ஆர்டுயினோ ஊனோ என்ற புரோகிராம் செய்யக்கூடிய சின்ன போர்டும் வைத்து. சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் ஒழுங்காக ஓடியது. அதையே வீட்டில் பிசிபியாக (காப்பர் டிராக் உள்ள சர்க்யூட் போர்டாக), லேசர் பிரிண்டின் டோனரை அயர்ன் செய்து காப்பரில் ஒட்டும் முறையில் செய்தால் தடவைக்கு ஒரு கோளாறு. முதல் போர்டை, வேண்டாத காப்பரைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடில் போட்டபோது பாதி டிராக் கரைந்துபோனது. அடுத்ததில் டிராக் அருமையாக வந்தது, ஆனால் சப்ளை கொடுத்ததும் சென்சார் தொட முடியாமல் சுட்டது. சென்சாரைத் திருப்பி மாட்டியதும் வேலை செய்கிறது. ஆனால் ரிலே ஆன் ஆகும்போதெல்லாம் வெப்பநிலை நாலைந்து டிகிரி ஏறிவிடுகிறது, கெப்பாசிட்டர் போட்டும் மாறவில்லை. திரும்பவும் புது போர்டு செய்யட்டுமா?

பதில்: வேண்டாம், இருக்கிற போர்டே போதும். கடைசிக் கோளாறிலிருந்து வருவோம், ஏனென்றால் அதற்கும் நீங்கள் போர்டு செய்த விதத்துக்கும் அதிக சம்பந்தமில்லை.

எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தருகிறது. அப்படியென்றால் நாலைந்து டிகிரி தாவல் என்பது வெறும் 40, 50 மில்லிவோல்ட். ரிலே காயில் இழுக்கும் 70 மில்லிஆம்பியர் அளவு கரன்ட், சென்சாரின் கிரவுண்ட் (கரன்ட் சப்ளைக்குத் திரும்பும் வழி) போகும் அதே மெல்லிய டிராக், அதே ஒயர் வழியாகத் திரும்பினால் அந்த வழியில் கொஞ்சம் வோல்டேஜ் விழும், சென்சாரின் கிரவுண்ட் அந்த அளவுக்கு மேலே தூக்கப்படும், ஆர்டுயினோ அதைச் சூடு என்று படித்துவிடும். ரிலே ஆனில் இருக்கும்வரை இது நீடிப்பதால்தான் கெப்பாசிட்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒரு முனையைச் சென்சாரின் கிரவுண்ட் காலிலும் மறுமுனையை ஊனோவின் கிரவுண்ட் பின்னிலும் பிடித்துக்கொண்டு ரிலேயை ஆன் செய்யுங்கள். எண் ஏறினால் திருடன் பிடிபட்டான். ரிலேயின் கிரவுண்டுக்குத் தனி ஒயர் எடுத்து நேராக சப்ளைக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம் இன்னொன்று. யுஎஸ்பி சப்ளை 5 வோல்ட்டிலிருந்து 4.7 ஆக இறங்கினாலே 30 டிகிரி கிட்டத்தட்ட 32 என்று தெரியும், ஏனென்றால் ஊனோ அந்த சப்ளையையே அளவுகோலாக வைத்துக் கணக்கிடுகிறது. புரோகிராமில் அந்த அளவுகோலை, ஊனோவுக்கு உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாற்றி, கணக்கில் 5 இருந்த இடத்தில் 1.1 போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லை போகும், கிட்டத்தட்ட 0.1 டிகிரி நுணுக்கமும் கிடைக்கும்.

சென்சார் சுட்டதற்குக் காரணம் மிரர் பிரிண்ட், அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் திருப்பி எடுத்த பிரிண்ட்; அதனால் சென்சாரின் சப்ளை காலும் கிரவுண்ட் காலும் இடம் மாறிவிட்டன. வீடியோக்களில் எல்லாரும் ‘மிரர் போடு, மிரர் போடு’ என்கிறார்கள், யாருக்கு வேண்டும் என்று சொல்வதில்லை. காகிதத்தை காப்பர் மேல் கவிழ்த்துத் தேய்க்கும்போதே படம் ஒருமுறை திரும்பிவிடுகிறது. ஒரு பக்க போர்டுக்கு, டிசைன் சாஃப்ட்வேரில் டிராக்கை பாட்டம் லேயரில் (போர்டின் அடிப்பக்கத்தில்) வரைந்திருந்தால் அப்படியே பிரிண்ட் எடுக்க வேண்டும், டாப் லேயரில் வரைந்திருந்தால்தான் மிரர். டிராக் போகும் அதே லேயரில் இரண்டு எழுத்து சேர்த்து வைத்துவிட்டால் குழப்பமே இல்லை: காகிதத்தில் இடவலம் திரும்பியும் காப்பரில் நேராகவும் தெரிய வேண்டும். சுட்ட சென்சார்தான் இன்னும் போர்டில் இருக்கிறது என்றால் மாற்றிவிடுங்கள், அது பிழைத்திருந்தாலும் அதன் அளவை நான் நம்பமாட்டேன்.

டிராக் கரைந்தது டோனர் சரியாக ஒட்டாததால். போர்டை நைலான் ஸ்கிரப்பரால் தேய்த்து ஆல்கஹாலில் துடைத்தபின் காப்பரில் விரல் படக்கூடாது. லேசர் பிரிண்ட் மட்டும்தான், இங்க்ஜெட் உதவாது. அயர்ன் செய்து ஆறியபின் காகிதத்தை உரிக்காதீர்கள், தண்ணீரில் ஊறிக் குழையட்டும். விட்டுப்போன இடத்தை பெர்மனென்ட் மார்க்கரால் பூசலாம். கரைசல் ஆறிப்போயிருந்தால் அதிக நேரம் பிடிக்கும், அதற்குள் டோனரின் ஓரத்தில் நுழைந்து டிராக்கை அரித்துவிடும். அதனால் பிளாஸ்டிக் தட்டைச் சுடுதண்ணீரில் உட்காரவைத்து ஆட்டிக்கொண்டே இருங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கழுவியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மயிரிழை வெட்டு தெரியும். சால்டர் செய்வதற்கு முன்பே ஒவ்வொரு டிராக்கையும் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (வெட்டு இல்லாமல் இணைந்திருக்கிறதா என்று) பார்த்துவிடுங்கள்.

ஃபேன் மெயின்ஸில் (வீட்டு கரன்டில்) ஓடுவதென்றால் அந்த ஒயர்கள் ரிலே மாட்யூலோடு நிற்கட்டும், வீட்டில் செய்த போர்டுக்குள் வரவேண்டாம்.