கேட்கக் கூடாத வேண்டுதல் – கடிதம்

அன்புள்ள சார்,

யூதர்கள் பிரார்த்தனையைக் குறிக்கச் சொல்லும் 'தெஃபிலா' என்ற எபிரேயச் சொல்லுக்குத் 'தன்னைத் தானே எடைபோடுதல்' என்றுதான் பொருள், கடவுளிடம் எதையும் கேட்பது அதில் இல்லை என்று ஒரு காணொளியில் கேட்டேன். எவ்வளவு உயர்ந்த எண்ணம்! நாமோ கோயிலில் நின்று பட்டியல் வாசிக்கிறோம். அந்தப் பொருள் சரிதானா? அவர்கள் ஏன் உடம்பை ஆட்டியபடி ஜெபிக்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பாதிதான் சரி. அந்தச் சொல்லின் வேருக்குத் தீர்ப்பளிப்பது என்றும் பொருள் உண்டு, ஒருவருக்காகப் பரிந்து பேசுவது என்றும் உண்டு. காணொளிக்காரர் முன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். புழக்கத்தைப் பாருங்கள். யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்முதில் வெறுமனே 'தெஃபிலா' என்றால் நின்றபடி தாழ்ந்த குரலில் சொல்லும் அமிதா என்ற ஜெபம். தினம் மூன்று வேளை. வார நாட்களில் அதன் நடுப்பகுதி முழுக்கக் கேட்பதுதான்: அறிவு, மன்னிப்பு, உடல்நலம், விளைச்சல். உடம்பை ஆட்டுவது பழக்கம், அதை விடுங்கள்.

கேட்பது மட்டம் என்று உங்களுக்கு யார் சொன்னது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சந்நிதியில் நிற்கிறவளைப் பார்த்துப் பட்டியல் வாசிக்கிறாள் என்று எழுத எப்படி மனசு வந்தது? பைபிளில் அன்னாள் பிள்ளை கேட்டுத்தான் அழுதாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைத்தார் ஆசாரியன் ஏலி. தெஃபிலாவை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு யூத மத அறிஞர்களான ரபிகள் அவளைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள்.

எதைக் கேட்கக் கூடாது என்றும் அவர்கள் யோசித்தார்கள். கொஞ்ச நாளாக என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'வீண் பிரார்த்தனை' என்று ஒன்று வருகிறது. நடந்து முடிந்ததற்காகக் கெஞ்சுவது. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது ஆண் பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று வேண்டினால் அது வீண். (வளைகாப்பு முடிந்த பிறகும் இதையே நேர்ந்துகொள்கிறவர்கள் காதில் இது விழ வேண்டும்.) வெளியூர் போய்த் திரும்புகிறவன் ஊருக்குள்ளிருந்து கூக்குரல் கேட்டு, 'அது என் வீட்டில் இல்லாமல் இருக்கட்டும்' என்று வேண்டினால் அதுவும் வீண்.

நடந்ததை மாற்ற முடியாது என்பது மிஷ்னா சொல்லும் காரணம். எனக்கு அதற்கு மேலும் ஒன்று தோன்றுகிறது. என் வீடு இல்லையென்றால் பின்னே யார் வீடு?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் எங்கள் வீடு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், அரிசி களைந்துகொண்டிருக்கும் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். 'யார் பெத்த புள்ளையோ, நல்லபடியாத் திரும்பணும்' என்பாள். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிற நேரமாகக்கூட இருக்கும். நம்ம வீட்டு ஆளாக இருக்கக் கூடாது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பயம் இல்லாமலா இருந்திருக்கும்?

மழை கேட்பதிலும் இதே கவனம் உண்டு. கூடாரப் பண்டிகைக்கு எருசலேம் வந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் அவர்கள் கதி என்ன? கடைசி ஆள் யூப்ரடீஸ் நதியை எட்டும்வரை மழை கேட்க வேண்டாம், பண்டிகை முடிந்து 15 நாள் பொறுங்கள் என்றார் ரபிகளில் ஒருவரான ரபான் கமாலியேல். காய்ந்து கிடக்கும் நிலத்தை வைத்துக்கொண்டு பொறுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தது, அந்த யாத்திரையும் நின்றது. ஆனாலும் இஸ்ரேலில் இன்றைக்கும் அந்த 15 நாள் கணக்குப்படி, யூத நாட்காட்டியின் ஹெஷ்வான் மாதம் 7ஆம் தேதிதான் அமிதாவில் மழை கேட்கத் தொடங்குகிறார்கள்.

காணொளியை மூடிவிட்டு மிஷ்னாவில் பெராகோத் என்ற பகுதியின் ஒன்பதாம் அதிகாரத்தைப் படியுங்கள். சின்னதுதான். படித்துவிட்டு எழுதுங்கள்.