ஜப்பானில் வசந்தகால மலைக்கீரைகளைச் சமைக்கும்போது கசப்பை எப்படி எடுக்கிறார்கள்?

முழுவதும் எடுப்பதில்லை. நாகானோவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சில வருடம் குடியிருந்தேன். முதல் வசந்தத்தில் வீட்டுக்கார அம்மாவிடம் நானும் இதைத்தான் கேட்டேன். "கசப்பே இல்லையென்றால் அப்புறம் எதற்கு மலையேறிப் பறிக்க வேண்டும்?" என்று சிரித்தார். அவர்கள் எடுப்பது 'ஆகு' என்கிற நஞ்சும் துவர்ப்பும் கலந்த கறையைத்தான். அதுவும் செடிக்குச் செடி மாறும்.

மலையில் தானாக முளைக்கும் இவற்றுக்குப் பொதுப்பெயர் சன்சாய். பனி உருகிய இடத்தில் முதலில் தலைகாட்டுவது ஃபுகினோதோ என்ற பூமொட்டு. நறுக்கிய கொஞ்ச நேரத்திலேயே வெட்டிய இடம் கறுத்துவிடும். அதனால் எண்ணெய் காய்ந்த பிறகுதான் வீட்டுக்கார அம்மா கத்தியையே கையில் எடுப்பார். பொடியாக நறுக்கி நேராக வாணலியில் தள்ளுவார். சுருண்டதும் மிசோ என்ற புளித்த சோயா விழுது, மிரின் என்ற இனிப்பு அரிசி மது, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கிளறினால் ஃபுகிமிசோ. நம் துவையல் மாதிரி சுடுசோற்றோடு துளித்துளியாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். இந்த மொட்டில் கல்லீரலுக்கு ஆகாத இயற்கை நச்சு இருப்பதால், கொதிநீரில் போட்டெடுத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சமைக்கச் சொல்கிறது ஜப்பான் வேளாண் அமைச்சகம். நான் அப்படித்தான் செய்கிறேன். மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

தராநோமேவுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. முள் மரத்தின் நுனித்தளிர் அது. அடியிலுள்ள செதிலை உரித்து, தண்டில் ஒரு கீறல் போட்டு, நீர்த்த மாவில் தோய்த்துத் தெம்புராவாகப் பொரித்தால் போதும். எண்ணெயில் கசப்பு அடங்கிவிடும். தொட்டுக்கொள்ள வெறும் உப்பு.

வராபிதான் ஆளைச் சோதிக்கும். பெரணி வகையின் விரியாத சுருள் தளிர் இது. பச்சையாக வாயில் வைக்கவே கூடாது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ப்டாக்விலோசைடு என்ற பொருள் இதில் இருக்கிறது. சூடும் சோடாவும் சேர்ந்தால் அது சிதையும். அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பல், இப்போது ஆப்ப சோடா. 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, தலைதட்டி 1 தேக்கரண்டி சோடா கலந்து, அதில் வராபியை மூழ்கவைத்து மூடிவிட வேண்டும். காலையில் தண்ணீர் பச்சையும் பழுப்புமாக மாறியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் மாற்ற வேண்டும்.

நான் 'அடுப்பை அணைத்து' என்பதைக் காதில் வாங்கவில்லை. கீரைதானே என்று ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன். மறுநாள் சாப்ஸ்டிக்கில் எடுத்தால் இழை இழையாக வழுக்கி விழுந்தது. குப்பையில் கொட்டப் போனவனைத் தடுத்து, வீட்டுக்கார அம்மா அதைப் பலகையில் போட்டுக் கத்தியால் கொத்தினார். மிசோ சேர்த்து மசித்துச் சோற்றில் வைத்தார். வராபி தாதாகி என்று வடக்கே இப்படி வேண்டுமென்றேதான் செய்வார்களாம். பதம் சரியாக வந்தால் விரல்நீளத்துக்கு வெட்டி, இஞ்சித் துருவலும் சோயா சாஸும் விட்டுச் சாப்பிடலாம். கடித்தால் மொறுக்கென்றிருக்கும், உள்ளே வெண்டைக்காய் வழவழப்பு.

முதல்முறை சமைப்பவர்களுக்கு நான் சொல்வது கோகோமி. அதுவும் பெரணித் தளிர்தான், ஆனால் கறை எடுக்கும் வேலை இல்லை. நன்றாக வேகவைத்து எள்ளுப்பொடி பிசறினால் முடிந்தது.

ஒன்று மட்டும், நீங்களாகப் பறிக்கப் போகாதீர்கள். ஹஷிரிதோகோரோ என்ற நச்சுச்செடியின் முளையை ஃபுகினோதோ என்று நினைத்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உள்ளூரிலேயே உண்டு. போதாததற்குத் தூங்கி எழுந்த கரடிகளும் அதே மலையில்தான் மேயும். ஏப்ரல், மே மாதங்களில் நெடுஞ்சாலை ஓரத்து மிச்சி நோ எகி கடைகளில் காலையிலேயே போனால் அன்று பறித்ததே கிடைக்கும். வராபிக் கட்டோடு ஒரு சின்னப் பொட்டலம் சோடாவையும் சேர்த்தே கட்டித் தருகிறவர்களும் உண்டு.