பிற மதத்தவரும் நம்பிக்கை இல்லாதவர்களும் கூச்சமின்றி அமர, கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் என்ன செய்யலாம்?

புதுச்சேரியில் ஆள் வராத குறை இல்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே, 1907-இல் கட்டி முடித்த திரு இருதய பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கவே தினமும் கூட்டம் வருகிறது. உள்ளே வந்தவர் எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் முழிப்பதுதான் சிக்கல்.

பெரிய குழப்பம், இயேசுவின் திருவுடலாக அப்பம் வழங்கும் நற்கருணையில். வரிசை நகர்ந்ததும் பிரசாதம் என்று நினைத்துப் பலர் எழுந்துவிடுவார்கள். அப்பத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும், பீடத்தருகே வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இரு தரப்புக்கும் சங்கடம். அதனால் வரிசை தொடங்குமுன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள்: “நற்கருணை, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று அதற்கெனத் தயாரித்துக்கொண்ட கத்தோலிக்கருக்கு. மற்றவர்கள் அமர்ந்தபடியே எங்களோடு ஜெபிக்கலாம், அமைதியாகவும் இருக்கலாம்.” காணிக்கைப் பைக்கும் ஒரு வரி: விருந்தினர் போட வேண்டியதில்லை.

வாசலில் ஒருவர் போதும். செருப்பு எங்கே விடுவது என்று காட்டி, வழிபாட்டு முறை அச்சிட்ட தாளைக் கொடுத்து, பின்வரிசை ஓரத்தில் இடம் காட்டட்டும். நினைத்தபோது எழுந்து போக அதுதான் வசதி. ஊர், பெயர் விசாரிப்பது வேண்டாம். நம்மூரில் அந்தக் கேள்வி சாதியில் போய் முடியும். போன் நம்பரும் கேட்காதீர்கள்; மறுநாள் அழைப்பு வந்தால் ‘மதம் மாற்றப் பார்க்கிறார்கள்’ என்றே தோன்றும்.

சந்தேகக்காரர்களுக்குப் பிரசங்கம் உதவாது, குறுக்கே கேட்க முடியாதே! தனியாக ஒரு மாலை, பங்கு மண்டபத்தில் இருபது நிமிடப் பேச்சு, நாற்பது நிமிடம் கேள்வி. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லக்கூடியவரை மேடையேற்றுங்கள்.