சிறிய தொண்டு அமைப்புகள் மாரத்தான் ஓடுபவர்கள் மூலம் அதிக நன்கொடை திரட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் அமைப்புக்காக ஓடுகிறேன் என்று ஒருவரோ இருவரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள், ஆனால் பணம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று தோன்றுகிறது. சின்ன அமைப்புகளில் வழக்கமாக நடப்பது இதுதான். ஓடுகிறவருக்கு ஒரு போஸ்டரை அனுப்புவார்கள். இவ்வளவு திரட்டிக் கொடுங்கள் என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். அப்புறம் ஓட்ட நாள் வரைக்கும் "எவ்வளவு வந்தது?" என்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. அவர் யாரிடம் போய் என்ன சொல்லிக் கேட்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

நான் நிதி திரட்டும் நிபுணர் இல்லை. கோத்தகிரிப் பக்கம், படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ஒரு சின்ன அமைப்பில் கணக்கு எழுதுகிறேன். பெரிய நகரத்து அமைப்புகளுக்கு வேறு வழிகள் சரியாக இருக்கலாம். அவர்களோடு வாதம் செய்ய வரவில்லை.

முதலில் ஒன்று. "ஒருத்தன் ஓடினால் நான் எதற்குப் பணம் தரவேண்டும், இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று உங்கள் கமிட்டியிலேயே ஒருவர் சொல்வார். எங்களிடமும் சொன்னார்கள். ஒருவர் ஓட, அவருக்குத் தெரிந்தவர்கள் ஒரு தொண்டு அமைப்புக்குப் பணம் கொடுக்கும் இந்த ஏற்பாடு பெரிய அளவில் வளர்ந்தது லண்டன் மாரத்தானில்தான், உண்மை. 1981-இல் தொடங்கிய ஓட்டம் அது. தொண்டு அமைப்புகள் ஓட்டத்தில் இடங்களை விலைக்கு வாங்கி, தங்களுக்காக நிதி திரட்டச் சம்மதிப்பவர்களுக்குக் கொடுக்கும் முறை அங்கே 1993 முதல் இருக்கிறது. 2025-இல் அந்த ஒரு நாள் ஓட்டத்தின் வழியாக 8.73 கோடி பவுண்டு திரண்டது. மும்பையில் 2004 முதல் நடக்கும் மாரத்தானிலும் தொண்டு அமைப்புகளுக்கென்று தனி ஏற்பாடு உண்டு. ஆனால் இதற்குப் பின்னால் இருக்கிற மனசு நமக்குப் புதிதா என்ன? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழி நெடுக ஊர்க்காரர்கள் மோரும் சோறும் கொடுக்கிறார்களே, நடப்பவர் யார், என்ன சாதி, என்ன வேண்டுதல் என்று எவராவது கேட்கிறார்களா? ஒருவர் உடம்பை வருத்திக்கொண்டு ஒரு காரியத்துக்காகப் போகிறார் என்றால், நாமும் நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எங்களுக்காக ஓடிய தம்பிக்குக் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். கோயம்புத்தூரில் வேலை. வார இறுதியில் ஊருக்கு வந்தால் கோடநாடு ரோட்டில் ஓடுவான். வெளிச்சம் வராமல் வெளியே இறங்க முடியாது, கரடியோ காட்டெருமையோ எதிரே நிற்கும். ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு தூரம், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓடப்போவதாகவும், அதை வைத்து எங்களுக்குப் பணம் திரட்டித் தருவதாகவும் தானாகவே வந்து சொன்னான். எங்கள் ஆட்களும் ஒரு போஸ்டர் செய்து கொடுத்தார்கள். அவனும் தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டான். எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. பணம் மட்டும் வரவில்லை. குழுவில் போடுவது எல்லாருக்கும் பொது, அதனால் யாருக்கும் தனக்கென்று தோன்றாது.

கமிட்டியில் ஒருவர் அவனுக்குத் தினமும் போன் செய்து நினைவுபடுத்த வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக, ஒரு சனிக்கிழமை எங்கள் நர்ஸ் சிஸ்டர் நோயாளிகளின் வீடுகளுக்குக் கிளம்பும்போது அவனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம்.

போன இடம் ஒரு எஸ்டேட் லைன் வீடு. காலமெல்லாம் கொழுந்து பறித்த பாட்டி. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முதுகுக்குக் கீழே படுக்கைப்புண். அறையில் வெளிச்சம் போதாமல் தம்பிதான் போனில் டார்ச் அடித்துக் காட்டினான். சிஸ்டர் உப்புநீரில் நனைத்த துணியால் புண்ணைத் துடைத்தபோது பாட்டி முந்தானையை வாயில் கடித்துக்கொண்டார். ஒரு சத்தம் போடவில்லை. கட்டுப் போட்டு முடித்து அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்ததும், "யாரு மகன் நீ?" என்று அவனிடம் கேட்டார். சிஸ்டர், இவர் உங்களை மாதிரி ஆட்களுக்குக் காசு சேர்க்கத்தான் ஓடப்போகிறார் என்றார். "எனக்காகவா? குளிர்ல ஓடாத சாமி, சளி புடிச்சுக்கும்" என்றார் பாட்டி.

அப்படிப் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மகள் வேலைக்குப் போனால் திருப்ப ஆளில்லை. அதற்குத்தான் ஏர் பெட். ஒரு சின்ன மோட்டார் காற்றை மாற்றி மாற்றி அடிக்கும். படுக்கையில் ஒரு வரிசைக் காற்றுப்பை உப்பும், அடுத்த வரிசை தணியும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் விழாததால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் நிற்காது. இதையெல்லாம் சிஸ்டர் ஜீப்பில் திரும்பும்போது அவனுக்கு விளக்கினார். மருந்துக் கடையில் அதன் விலையை எழுதி வாங்கி, அந்தச் சீட்டையும் அவனிடம் கொடுத்தேன்.

அன்றிரவு அவனே உட்கார்ந்து எழுதினான். எங்கள் அமைப்பின் வரலாறு, நோக்கம் எதுவும் அதில் இல்லை. பார்த்ததை எழுதினான், பாட்டி சொன்னதை அப்படியே போட்டான், ஒரு பெட்டின் விலை இது, பத்துப் பேர் சேர்ந்தால் ஒன்று வாங்கலாம் என்று முடித்தான். குழுவில் போடவில்லை. பள்ளிக்கூட வாத்தியார், பழைய மேனேஜர், கல்லூரி ரூம்மேட் என்று ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லித் தனித்தனியாக அனுப்பினான்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். இணையத்தில் அவனுக்கென்று இருக்கும் நன்கொடைப் பக்கத்தில் முதலில் தெரியும் தொகை பெரியதாக இருக்க வேண்டும். அதனால் அவன் மாமாவிடம் முன்னாலேயே பேசி, அவர் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்பச் சொன்னேன். இது என் கற்பனை இல்லை. 2010 லண்டன் மாரத்தானில் ஓடியவர்களின் நன்கொடைப் பக்கங்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதுவரை வந்த தொகையின் சராசரி 10 பவுண்டு கூடினால், அடுத்து வருகிறவர் சுமார் மூன்றரை பவுண்டு கூடுதலாகக் கொடுக்கிறார் என்று கண்டார்கள். கொடுக்க நினைப்பவர் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல்தான் தயங்குகிறார். முன்னால் போனவர் அதைக் காட்டிவிடுகிறார். நூறு ரூபாய் கொடுப்பவரை இது கூச்சப்பட வைக்காதா என்று கேட்பீர்கள். எங்களுக்கு நூறு ரூபாயும் வந்தது, அதற்கும் அதே மாதிரிதான் நன்றி சொன்னோம்.

ரசீது என் வேலை. பணம் வந்த அன்றே அனுப்பிவிடுவேன், அதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க வழிசெய்யும் பதிவு (80ஜி என்பார்கள்) உங்களுக்கு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், பான் எண்ணையும் அப்போதே வாங்கிவிடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்கு வரிச்சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் கிடையாது. அதனால் எல்லாருக்கும் வரி குறையும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் ஆண்டு முடிந்ததும் வருமான வரித்துறைக்கு நன்கொடையாளர் விவரத்தைத் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். இதில் தவறும் அமைப்புக்கு அடுத்த வருடம் அதே ஆள் கொடுக்க மாட்டார்.

அப்புறம், ஓடி முடித்த அன்று வரும் பணம். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இங்கே குளிரில் பயிற்சி எடுத்தவனுக்குச் சென்னையின் புழுக்கம் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் காலை இழுத்துவிட்டது. நடந்தும் ஓடியும் முடித்தான். முடித்த கையோடு, வியர்வை வழியும் முகத்தோடு ஒரு படம் எடுத்து, "முடித்துவிட்டேன், இன்னும் இரண்டு பெட்டுக்குத்தான் பாக்கி" என்று அதுவரை பதில் சொல்லாதவர்களுக்கு மட்டும் அனுப்பினான். அன்று சாயங்காலத்துக்குள் அந்த இரண்டுக்கும் வந்துவிட்டது, அதற்கு மேலும் வந்தது. முன்னால் கேட்டபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் கொடுத்தார்கள். ஆகவே கணக்கை ஓட்ட நாளோடு மூடிவிடாதீர்கள், ஒரு வாரமாவது திறந்து வையுங்கள்.

ஏழைகளைக் காட்டிப் பணம் பண்ணுகிறீர்கள் என்று ஒருவர் எழுதுவார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டியிடமும் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதினோம். பேரில்லை, முகமில்லை, ஊரில்லை. புண்ணின் படத்தை அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. இனிமேலும் மாட்டேன்.

ஏன் வெளியூர்க்காரர்களிடம் கேட்கிறீர்கள், உள்ளூரில் கேட்கக்கூடாதா என்பார்கள். கேட்கிறோம். எங்கள் ஊர்க்காரர்கள் கை நீட்டிக் கொடுப்பவர்கள்தான். ஆனால் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் எங்கிருந்து கொடுப்பார்? பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. பறிகூலி, உரம், லாரி வாடகை போனால் கையில் என்ன நிற்கிறது என்று இலை விற்றவரைக் கேட்டால் தெரியும். 2023-இல் இந்த மலையில் விவசாயிகள் உண்ணாவிரதமே இருந்தார்கள். கீழே கடையில் தேயிலைத் தூள் விலை இறங்கி நான் பார்த்ததில்லை, இங்கே இலை விலை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் முடிவில் விலை விழுந்தபோது படிப்பை விட்டவர்கள் என் வயதில் நிறையப் பேர். நீங்கள் கேட்டது இதையில்லை, தெரியும். ஆனால் இந்த ஊரில் தருமத்தைப் பற்றிப் பேசும்போது இலை விலையைப் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

இன்னொரு கேள்வி உங்களுக்கு வரும்: நாமே ஒரு ஓட்டம் நடத்தினால் என்ன? மலையில் நடத்தினால் ஆட்கள் ஆசையாக வருவார்கள்தான். எங்களுக்குத் தெரிந்த ஓர் அமைப்பு நடத்தியது. போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ், டி-ஷர்ட், மெடல், சாப்பாடு. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் வழியெல்லாம் கேனும் டம்ளரும் வைக்க ஆட்கள் வேண்டும். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. ஸ்பான்சராக வந்த கம்பெனி பேனரில் பேரைப் போட்டுக்கொண்டது, சொன்ன பணத்தில் பாதியைத் தரவே இல்லை. கடைசியில் நோயாளிகளுக்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்தவர் நடத்தும் ஓட்டத்தில் உங்கள் ஆள் ஓடட்டும். நுழைவுக் கட்டணத்தை ஓடுகிறவரே கட்டட்டும், அதை நன்கொடைப் பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கிற பணம் டி-ஷர்ட்டுக்குப் போகுமோ என்ற சந்தேகம் அந்த ஒரு வரியில் தீரும்.

ஜனவரி ஓட்டத்துக்கு அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஓடுகிறவர் உங்கள் வேலையை ஒருமுறையாவது நேரில் பார்க்க அவ்வளவு நாள் வேண்டும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பற்றி ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும், ரூபாயாகவே கொடுத்தாலும் வரும். அதற்கு மத்திய உள்துறையின் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பதிவு இல்லாமல் வாங்கினால் அமைப்புக்கே ஆபத்து. ஓடுகிற தம்பியின் கனடா சித்தப்பா ஆசையாகத்தான் கேட்பார், ஆனால் அவர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் கணக்கு எண்ணை அனுப்புங்கள்.