அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மாநிலச் சட்டம் மாறினால் சிற்றூர் நிதிக்கும் பள்ளிக்கும் என்ன ஆகும்?

இம்மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, பொது விற்பனை வரியும் இல்லை. பள்ளிச் செலவில் பெரும்பங்கு வீட்டுச் சொத்து வரியின் தலையில்தான் விழுகிறது. மார்ச் மாதத்தில் பல ஊர்களில் மக்களே மண்டபத்தில் கூடி, வாக்காளர் அட்டையை உயர்த்தி பட்ஜெட்டை நிறைவேற்றுகிறார்கள். தலைநகர் கான்கார்டில் மாநிலச் சட்டமன்றம் ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் தரும் உதவித்தொகையைக் குறைத்தால் அந்தச் சுமை வீட்டுக்காரரின் அடுத்த வரி ரசீதில் வந்து நிற்கும். எந்த மசோதா வந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளி விஷயத்தில், 2025 ஜூனில் ஆளுநர் கெல்லி அயோட் பெற்றோர் உரிமை மசோதாக்களில் கையெழுத்திட்டார். பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி எழுத்தில் கேட்டால், பள்ளி ஊழியர் 10 வேலைநாட்களுக்குள் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கொடுமை நேரும் என்பதற்கு வலுவான சான்று இருந்தால் விலக்கு உண்டு. பெற்றோரின் உரிமை நியாயமானதே. ஆனால் வீட்டில் பேசப் பயப்படும் பிள்ளை ஆசிரியரிடமும் வாயை மூடிக்கொள்ளுமோ என்பதே என் கவலை.